ப்ரோமிதியஸ் நல்ல படமா இல்லையா? ஏலியன் ரசிகர்கள் சொல்லுங்கள்

நள்ளிரவுக்காட்சி:

ஸ்பாய்லர் நிறைய வரும். படம் பார்க்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள்.

1979இல் வந்த விண்வெளித் திகில் படமான ஏலியனுக்கு நான் தீவிர ரசிகன். அதே ரிட்லி ஸ்காட் முப்பது வருடத்துக்கும் மேல் கழித்து, 2012இல், அந்த உலகத்துக்கே திரும்பி வந்து எடுத்த முன்கதைதான் ப்ரோமிதியஸ். எங்கள் வட்டத்தில் இந்தப் படத்தின் பேச்சை எடுத்தாலே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்கு இது மனிதன் எங்கிருந்து வந்தான் என்ற கேள்வியைத் துணிந்து கேட்ட படம். இன்னொரு கட்சிக்கு, விஞ்ஞானிகள் என்று சொல்லிக்கொண்டு வேற்றுக்கிரகப் பாம்பைக் கொஞ்சப் போகிற ஆட்களின் படம்.

எனக்கு அந்த ஆரம்பக் காட்சி மட்டும் போதும் என்று தோன்றும். ஐஸ்லாந்தில் இருக்கும் டெட்டிஃபாஸ் அருவியில் எடுத்தது. வெளுத்த உடம்போடு ஒரு ராட்சச மனிதன் அருவி விளிம்பில் நின்று கிண்ணத்தில் இருக்கும் கறுப்புத் திரவத்தைக் குடிக்கிறான், உடம்பு நரம்பு நரம்பாக உதிர்ந்து தண்ணீரில் விழுகிறது, அவனுடைய டிஎன்ஏ உடைந்து அதிலிருந்து வேறொரு உயிர் தொடங்குகிறது. ஒரு வார்த்தை வசனம் கிடையாது. இப்படித் தொடங்கிய படம் பின்பாதியில் ஏன் அப்படித் தடுமாறுகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

அப்புறம் ஒரு உபகேள்வி. என் தங்கை இந்த வரிசையில் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை. கதை நடக்கும் ஆண்டுப்படி ப்ரோமிதியஸ் 2093, ஏலியன் 2122. அந்த வரிசையிலேயே காட்டலாமா?

ரிப்ளியின்பூனை:

நல்ல படம் இல்லை. அழகான படம், அது வேறு. டேரியஸ் வோல்ஸ்கியின் ஒளிப்பதிவையும் அந்த செட்டுகளையும் யாரும் குறை சொல்ல முடியாது. என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஏலியனில் விண்கலக் குழுவைச் சேர்ந்த டாலஸ், கேன், லாம்பர்ட் மூன்று பேரும் கைவிடப்பட்ட அந்தக் கப்பலுக்குள் ஏறிப்போகும் காட்சியை நினைத்துப் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கல்லாகிப்போன ஒரு பிரம்மாண்ட உருவம். தும்பிக்கை மாதிரி ஒன்று முகத்திலிருந்து நெஞ்சுவரை இறங்குகிறது. நாற்காலி எங்கே முடிகிறது, உடம்பு எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. நெஞ்செலும்பு மட்டும் உள்ளேயிருந்து வெளியே வெடித்திருக்கிறது. ஓவியர் கிகர் வடிவமைத்தது. அது இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று ஸ்காட் தன் பிள்ளைகளுக்கே சின்ன விண்வெளி உடை மாட்டி, நடிகர்களுக்குப் பதிலாகத் தூரக்காட்சியில் நிற்கவைத்தார். அந்த உருவம் யார், எங்கே போனது, என்ன சுமந்து போனது, எதுவும் சொல்லப்படவில்லை. படம் முடிந்தபிறகும் அது மனதை விட்டுப் போகாததற்குக் காரணம் அதுதான்.

ப்ரோமிதியஸ் என்ன செய்தது? அந்த எலும்பெல்லாம் வெறும் உடுப்பு என்றது. ஹெல்மெட்டைக் கழற்றினால் உள்ளே ஜிம்முக்குப் போன ஒரு வெள்ளைக்கார மனிதன். நம்மைவிடக் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். பிரபஞ்சத்தில் நம்மைப் பொருட்படுத்தாத, நமக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது என்பதுதான் ஏலியனின் பயம். அதை எடுத்துவிட்டு, "இல்லை இல்லை, எல்லாம் நம் மூதாதையர்தான், நம்மைச் சுற்றித்தான் எல்லாம்" என்று சொன்னால் அந்தப் பயம் செத்துவிடுகிறது. முன்கதை எடுப்பவர்கள் ரசிகன் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வைக்க வேண்டும் என்று யார் சொன்னது?

பாறைமனிதன்:

நான் புவியியல் படித்து அந்தத் துறையிலேயே வேலை பார்ப்பவன், அதனால் படத்தில் புவியியலாளராக வரும் ஃபிஃபீல்ட் பாத்திரத்திலிருந்து தொடங்குகிறேன்.

அந்தக் குகை அமைப்புக்குள் நுழைந்ததும் அவர்தான் பறக்கும் ஸ்கேனர் பந்துகளை விடுகிறார். அவை சுரங்கப்பாதை முழுக்கச் சுற்றி வரைபடம் எடுத்துக் கப்பலுக்கு அனுப்புகின்றன. கப்பலில் கேப்டன் ஜானக் முன்னால் முப்பரிமாண வரைபடம் மிதக்கிறது, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதும் அதில் தெரிகிறது, ரேடியோவும் வேலை செய்கிறது. இத்தனை இருந்தும், எல்லோருக்கும் முன்னால் கிளம்பிய இரண்டு பேர், அதில் ஒருவர் வரைபடம் எடுத்தவரே, வழி தெரியாமல் உள்ளே மாட்டிக்கொள்கிறார்கள். களப்பணிக்குப் போகும் எந்த மாணவனையும் கேளுங்கள், திரும்பி வரும் வழியைக் குறித்துக்கொள்வதுதான் அவனுக்கு முதலில் சொல்லித்தரப்படும் பாடம்.

மில்பர்ன் இன்னும் மோசம். உயிரியலாளர். இரண்டாயிரம் வருடப் பழைய சடலத்தைப் பார்த்துப் பயந்து ஓடியவர், உயிரோடு இருக்கும் ஒன்று நாகப்பாம்பு மாதிரி படமெடுத்து நிற்கும்போது கிட்டே போய்க் கைநீட்டுகிறார். இறந்ததற்குப் பயம், உயிரோடு இருப்பதற்குப் பயமில்லை என்றால் அந்த ஆளைப் பற்றி நான் என்னதான் நினைப்பது?

இதெல்லாம் குட்டிக் குறை என்று தள்ளிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே வந்து சேர்ந்தபிறகுதான் இவர்களுக்கு எதற்காக வந்திருக்கிறோம் என்றே சொல்லப்படுகிறது. சுற்றுப்பாதையிலிருந்து ஒழுங்காக ஆய்வு செய்யாமல், நேர்கோடு ஒன்று கண்ணில் பட்டது என்று அங்கேயே இறங்குகிறார்கள். இன்னும் ஆறு மணி நேரம்தான் வெளிச்சம் இருக்கும் என்று கேப்டன் சொல்லியும், கிறிஸ்துமஸ் பரிசைப் பிரிக்கத் துடிக்கும் பிள்ளை மாதிரி தொல்லியலாளர் ஹாலோவே உடனே வெளியே போக வேண்டும் என்கிறார். உள்ளே போனதும் காற்று சரியாக இருக்கிறது என்று ஹெல்மெட்டைக் கழற்றுகிறார். கிருமி என்ற ஒன்று இருக்கும் என்ற நினைப்பே ஒருவருக்கும் வரவில்லை. மனிதகுல வரலாற்றிலேயே முதல்முறையாக வேற்றுக்கிரகவாசியின் உடலைக் கண்டுபிடித்த அன்றைக்கே, பேச ஆள் உயிரோடு இல்லையே என்று அவர் குடித்துவிட்டுச் சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறார். அந்த உடலிலிருந்து கப்பலுக்குக் கொண்டுவந்த தலையை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையே ஆராய்ச்சி செய்யலாம்! அறிவுத் தேடல்தான் படத்தின் மையம் என்றால், தேடுகிறவர்களுக்குத் தேடலில் உண்மையான ஆசை இருக்க வேண்டும். இங்கே அது இல்லை.

எட்டாம்டேவிட்:

பாறைமனிதன் சொன்ன எதையும் மறுக்க மாட்டேன். ஃபிஃபீல்ட், மில்பர்ன் பகுதியை நான் ஒருநாளும் காப்பாற்றப் போவதில்லை. ஆனாலும் இது நல்ல படம், சில இடங்களில் மிகப் பெரிய படம் என்று உறுதியாகச் சொல்வேன். நீங்கள் எல்லோரும் மனிதர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், டேவிட் என்ற மனித உருவ ரோபோவைப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

கப்பலில் எல்லோரும் உறைதூக்கத்தில் கிடக்கும் இரண்டு வருடத்துக்கும் மேலான காலத்தில் அந்த ஆண்ட்ராய்டு தனியாக இருக்கிறான். சைக்கிள் ஓட்டியபடியே கூடையில் பந்து போடுகிறான். பழைய மொழிகளைக் கற்கிறான். லாரன்ஸ் ஆஃப் அரேபியா படத்தைப் போட்டுப் பார்த்து, அதன் நாயகன் பீட்டர் ஓடூல் மாதிரியே பேசிப் பழகி, தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொள்கிறான். நாயகி ஷாவின் கனவுகளைக்கூட எட்டிப் பார்க்கிறான். தன்னை உருவாக்கியவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று படத்தில் உண்மையாகவே ஆர்வத்தோடு ஆராய்கிற ஒரே விஞ்ஞானி அவன்தான். மைக்கேல் ஃபாஸ்பெண்டர் கண்ணைச் சிமிட்டாமல், கழுத்தை மட்டும் லேசாகத் திருப்பி, அதை நடித்துக் காட்டுகிறார்.

இப்போது அந்த பில்லியர்ட்ஸ் மேசைக் காட்சிக்கு வாருங்கள். ஹாலோவே போதையில் இருக்கிறார். டேவிட் பாட்டிலோடு உள்ளே வருகிறான். என்னை ஏன் உருவாக்கினீர்கள் என்று கேட்கிறான். எங்களால் முடிந்தது, அதனால் உருவாக்கினோம் என்கிறார் அவர், யோசிக்காமல். உங்களைப் படைத்தவரிடமிருந்து நீங்கள் இதே பதிலைக் கேட்டால் எவ்வளவு ஏமாற்றமாக இருக்கும் என்று டேவிட் திருப்பிக் கேட்கிறான். உனக்குத்தான் ஏமாற்றமே கிடையாதே என்று அவர் சிரிக்கிறார். அதற்கப்புறம்தான், பதிலைத் தெரிந்துகொள்ள எதுவரை போவீர்கள் என்ற கேள்வி வருகிறது. எதுவரை வேண்டுமானாலும் என்கிறார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தபிறகுதான் டேவிட்டின் விரல் நுனி கிளாஸில் இறங்குகிறது. விரல் நுனியில் ஒரே ஒரு கறுப்புத் துளி. அனுமதி வாங்கிவிட்டுத்தான் விஷம் வைக்கிறான்! அவன் கணக்கில் அது அனுமதிதான். முழுப் படமும் அந்த ஒரு காட்சிக்குள் இருக்கிறது.

பூனை சொன்ன விஷயத்துக்கும் இதில் பதில் இருக்கிறது. நாற்காலியில் இருந்தவன் நம்மைப் போல இருப்பது மர்மத்தைக் கெடுக்கிறது என்கிறீர்கள். நம்மைப் போல இருந்துகொண்டு நம்மை வெறுக்கிறானே, அது உங்களுக்குப் பயமாக இல்லையா? இந்தப் பயணத்துக்குப் பணம் போட்ட வேலாண்ட் சாகும் வயதில் உலகத்தையே தாண்டி வந்து இன்னும் கொஞ்சம் ஆயுள் கேட்கிறார். டேவிட் எஞ்சினியரிடம், அதாவது மனிதனைப் படைத்த அந்த ராட்சச இனத்தவனிடம், அவன் மொழியிலேயே பேசுகிறான், அதற்கு சப்டைட்டில்கூடப் போடவில்லை. எஞ்சினியர் குனிந்து டேவிட்டின் தலையை மெதுவாகத் தடவுகிறான். ஒரு நொடி நமக்கு நம்பிக்கை வருகிறது. அடுத்த நொடி அந்தத் தலையைப் பிய்த்தெடுத்து, அதை வைத்தே வேலாண்டை அடிக்கிறான். படைத்தவன், படைக்கப்பட்டவன், படைக்கப்பட்டவனின் படைப்பு, மூன்று பேரும் ஒரே ஷாட்டில். மூன்று பேருக்கும் நடுவில் கடுகளவு அன்பு இல்லை. ஏலியனைவிட இது குளிர்ந்த பயம் என்பேன்.

ரிப்ளியின்பூனை:

டேவிட் காட்சிகள் அபாரம், ஒத்துக்கொள்கிறேன். ஃபாஸ்பெண்டரை யார் குறை சொன்னது? நீங்கள் சொல்வது முழுக்க டேவிட்டைப் பற்றிய ஒரு படத்துக்குத்தான் பொருந்தும் ப்ரோ. அதற்கு ஏலியனின் நாற்காலி எதற்கு? கேள்வி கேட்க ஏலியனின் பெயரை எடுத்துக்கொண்டு, பதிலை அடுத்த பாகத்துக்குத் தள்ளிவிடுவதைத்தான் நான் ஏற்கவில்லை. எஞ்சினியர்கள் நம்மைப் படைத்துவிட்டு ஏன் அழிக்க நினைத்தார்கள்? படம் சொல்லாது. எடுத்து வெட்டிய காட்சிகளில் அந்த எஞ்சினியர் வாய் திறந்து பேசுகிறான், வேலாண்டும் நானும் கடவுள்தான் என்கிற மாதிரி அவனிடம் வாதாடுகிறார். அந்த அகங்காரத்தைக் கேட்டபிறகு அவன் அடிக்கிறான் என்றால் எனக்குப் புரியும். தியேட்டரில் நாங்கள் பார்த்தது காரணமே தெரியாத ஒரு கொலைகாரனை.

எட்டாம்டேவிட்:

பேசாமல் இருப்பதுதான் சரி என்று நினைக்கிறேன். நீங்களே மேலே மர்மம் வேண்டும் என்றீர்கள், இப்போது காரணம் வேண்டும் என்கிறீர்கள். எங்களை ஏன் வெறுக்கிறாய் என்று ஷா கத்துகிறாள், பதில் வரவில்லை, அந்த அவமானம்தான் காட்சியின் உயிர். வெட்டியதை நான் வரவேற்கிறேன்.

நள்ளிரவுக்காட்சி:

இடையில் ஒரு சந்தேகம். கடைசியில் எஞ்சினியர் நாற்காலியில் சாகவில்லையே? பயணத்தை மேற்பார்வை செய்யும் விக்கர்ஸின் உயிர்காப்புக் கலத்துக்குள் வந்து ஷாவைத் தாக்கப் போய் அங்கேதான் சாகிறான். அப்படியென்றால் 1979 படத்தில் நாற்காலியில் இருந்தது எப்படி? இது ஓட்டை இல்லையா?

பாறைமனிதன்:

ஓட்டை இல்லை, இடமே வேறு. ஏலியனில் வருவது எல்வி-426. ப்ரோமிதியஸ் நடப்பது எல்வி-223. கப்பல் ஒரே ரகம், ஆனால் அதே கப்பல் இல்லை. இரண்டுக்கும் நடுவில் 29 வருடம்தான், ஏலியனில் அந்த உடல் பார்ப்பதற்கே கல்லாகிப்போனதாக இருக்கிறது, அதனால் அது வேறொரு பழைய விபத்து என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. ஜான் ஸ்பைட்ஸ் எழுதிய திரைக்கதையின் முதல் வடிவத்தில் கதை எல்வி-426இலேயே நடந்தது, நமக்குத் தெரிந்த ஏலியன் பிராணியும் இருந்தது. அடுத்த எழுத்தாளராக டேமன் லிண்டலாஃப் வந்தபிறகு அதையெல்லாம் தள்ளிவைத்துக் கதையைத் தனியாக நிற்கும்படி மாற்றினார்கள். படத்தின் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் இதுதான் என்பது என் கருத்து. முன்கதையாகவும் இருக்க வேண்டும், முன்கதை இல்லை என்றும் சொல்ல வேண்டும். கடைசி நிமிடத்தில் எஞ்சினியரின் நெஞ்சைக் கிழித்துக்கொண்டு கூர்மண்டையோடு ஒரு குட்டி வெளியே வந்து கத்துகிறதே, அந்தக் காட்சியைக் கதை கேட்கவில்லை, டிக்கெட் வாங்கிய ரசிகர்களுக்காக ஒட்டவைத்தார்கள்.

முல்லைக்கொடி:

இவ்வளவு பேர் இவ்வளவு பேசியும் ஷாவின் அறுவைசிகிச்சைக் காட்சியை ஒருவரும் எடுக்கவில்லையே. எனக்கு இந்தப் படம் என்றாலே அதுதான்.

குழந்தை பெற முடியாது என்று முன்பு அழுதவள். இப்போது வயிற்றுக்குள் மூன்று மாதக் கரு இருக்கிறது, அது சாதாரணக் கரு இல்லை என்று டேவிட் சாந்தமாகச் சொல்கிறான், உறையவைத்துப் பூமிக்குக் கொண்டுபோகலாம் என்றும் சொல்கிறான். அவள் தப்பித்து ஓடி விக்கர்ஸின் அறையில் இருக்கும் மருத்துவ இயந்திரத்துக்குள் ஏறுகிறாள். சிசேரியன் கேட்டால், இந்த இயந்திரம் ஆண்களுக்கு மட்டுமே அமைக்கப்பட்டது என்று பதில் வருகிறது. விக்கர்ஸ் ஒரு பெண், அவள் அறையில் ஆண்களுக்கான இயந்திரம் எதற்கு? வேலாண்ட் கப்பலில் ஒளிந்திருக்கிறார் என்பதைப் படம் அங்கேயே சொல்லிவிடுகிறது, வசனம் இல்லாமல். உடனே ஷா வேறு வழி யோசித்து, வயிற்றில் அந்நியப் பொருள் என்று போட்டு அறுவை செய்யச் சொல்கிறாள். தனக்குத்தானே ஊசி குத்திக்கொள்கிறாள். லேசர் வெட்டுகிறது, இடுக்கி உள்ளே போய் அதை வெளியே தூக்குகிறது, அது அவள் முகத்துக்கு மேலேயே துள்ளுகிறது, அவள் கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறாள், இயந்திரம் தன் பாட்டுக்கு ஸ்டேப்ளர் பின் அடித்து வயிற்றை மூடுகிறது. நூமி ரபாஸின் மூச்சு மட்டும்தான் எனக்குக் கேட்டது. முட்டாள் விஞ்ஞானிகள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இவளையும் அதில் சேர்ப்பது அநியாயம்.

ஆனால் படம் சறுக்குவதும் அதே இடத்தில்தான். இரத்தத்தோடு தள்ளாடி வந்து வேலாண்டின் அறைக்குள் விழுகிறாள். யாராவது என்ன ஆச்சு என்று கேட்கிறார்களா? டேவிட் மட்டும் உன் உயிர்வாழும் உந்துதல் அபாரம் என்று பாராட்டுகிறான். மற்றவர்களுக்கு அது செய்தியே இல்லை. கப்பலின் மறுபக்கத்தில் ஒரு பிராணி வளர்ந்துகொண்டிருப்பதை அவள் சொல்வதும் இல்லை. கொஞ்ச நேரத்தில் உடுப்பு மாட்டிக்கொண்டு எல்லோரோடும் கிளம்புகிறாள். இவ்வளவு பெரிய காட்சியை எடுத்துவிட்டு அதன் எடையைச் சுமக்கத் தெரியாத திரைக்கதை என்பதுதான் என் குறை. மில்பர்ன் பாம்பைத் தொட்டதைவிட இது பெரிய குறை.

எனக்கு அதைவிடவும் ஆறாத ஒன்று உண்டு. கடைசியில் ஷா என்ன முடிவெடுக்கிறாள்? பூமிக்குப் போக மாட்டேன், அவர்கள் எங்கிருந்து வந்தார்களோ அங்கே போய்க் காரணம் கேட்பேன் என்கிறாள். அப்பாவின் சிலுவையைத் திரும்ப வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, டேவிட்டின் தலையைப் பையில் எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். அடுத்த படத்துக்காக நான் காத்திருந்தது அந்தப் பயணத்தைப் பார்க்க. 2017இல் கோவனன்ட் வந்தது, ஷா செத்துப்போயிருக்கிறாள், எஞ்சினியர்களின் ஊரையே டேவிட் கறுப்புத் திரவம் கொட்டி அழித்துவிட்டான். கேள்வி கேட்கப் போனவளையும் காணோம், பதில் சொல்ல வேண்டியவர்களையும் காணோம். ப்ரோமிதியஸ் அரைகுறை என்று இன்றைக்குப் பலருக்குத் தோன்றுவதற்குக் கோவனன்ட்டும் ஒரு காரணம், அந்தப் பழியை முழுக்க 2012 படத்தின் தலையில் கட்டாதீர்கள்.

எட்டாம்டேவிட்:

முல்லைக்கொடி சொன்னதுக்கு ஆயிரம் லைக். உலகம் முழுக்க 40 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்த படம், ஆனாலும் ஏலியன் எங்கே என்று ரசிகர்கள் கேட்டார்கள் என்பதற்காகப் பாதையை மாற்றிவிட்டார்கள். 2024இல் இதே வரிசையில் வந்த ரோமுலஸில் அதே கறுப்புத் திரவமும், கடைசியில் எஞ்சினியர் சாயலில் ஒரு பிறவியும் வருகிறதென்றால், இந்தப் படத்தின் கற்பனையை அவர்களாலேயே விட முடியவில்லை என்றுதானே அர்த்தம்?

ரிப்ளியின்பூனை:

ஷா விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். நாற்காலி விஷயத்தில் மாறமாட்டேன்.

தங்கைக்கு: தயவுசெய்து ஏலியனைத்தான் முதலில் காட்டுங்கள். ப்ரோமிதியஸை முதலில் பார்த்துவிட்டால், கேன் அந்தக் கப்பலுக்குள் ஏறும்போது உள்ளே இருப்பது யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காட்சியைத் தெரியாமல் பார்க்கும் வாய்ப்பு வாழ்க்கையில் ஒரே தடவைதான் வரும்.

நள்ளிரவுக்காட்சி:

சரி, ஏலியன்தான் முதலில். ஆனால் ப்ரோமிதியஸைப் பார்த்துவிட்டு கோவனன்ட்டைத் தாண்டிப் போய்விடலாமா, இல்லை டேவிட்டுக்காக அதையும் காட்டத்தான் வேண்டுமா? எட்டாம்டேவிட், முல்லைக்கொடி இரண்டு பேரும் சொல்லுங்கள்.

முல்லைக்கொடி:

என்னைக் கேட்டால் ப்ரோமிதியஸோடு நிறுத்திவிடுங்கள். ஷா போய்ச் சேர்ந்தாளா என்று உங்கள் தங்கையே யோசித்துக்கொள்ளட்டும்.

எட்டாம்டேவிட்:

நிறுத்தக் கூடாது. கோவனன்ட்டில் டேவிட்டும் அவனைப் போலவே இருக்கும் வால்டரும் உட்கார்ந்து புல்லாங்குழல் வாசிக்கும் காட்சி ஒன்று இருக்கிறது, ஃபாஸ்பெண்டருக்கு எதிரே ஃபாஸ்பெண்டர். அதற்காகவாவது காட்டுங்கள்.